தவிட்டுக்கு விற்ற நாய்க்குட்டி

எங்கள் மலையில் இருக்கிற மாட்டாஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். எங்கள் மாட்டுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஊரைச் சொல்லிவிட்டு அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? மற்றபடி நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன். அங்கங்கே கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அது என் பிறவிக் குணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்குட்டி வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு விற்கப் போனார். வரும்போது ஒரு விளக்குமாறும் இரண்டு கிலோ சர்க்கரையும் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தவர் கையில் விளக்குமாறும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டியது.

"கொரங்கு முடுக்கறதுக்கு ஆகும் புள்ள," என்றார்.

அது குரங்கை விரட்டிய அழகை நான் மறுநாளே பார்த்தேன். வாசலில் இறங்கிய ஒரு குரங்கு அதன் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தில் ஏறி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே போட்டது. நம் வீரர் என் சேலை மடிப்புக்குள் புகுந்துகொண்டு மூச்சுக் காட்டவில்லை. அதற்கு ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். வயிறு சுரைக்காய் மாதிரி. நான் மரவள்ளிக் கிழங்கு சீவ உட்கார்ந்தால் வந்து என் பாதத்தின் மேல் படுத்துக்கொள்ளும். கால் மரத்துப் போகும். "சனியனே, நகரு" என்பேன். அது நகராது. நானும் காலை எடுக்க மாட்டேன். பத்தே நாளில் என் கதி இப்படி ஆகிவிட்டது.

பதினோராம் நாள் காலையில் அது சோற்றைத் தொடவில்லை. மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. மதியத்துக்குள் வயிற்றால் போக ஆரம்பித்து, சாயங்காலம் ரத்தமாகவே போனது. வீடு முழுக்க ஒரு நாற்றம். பக்கத்து வீட்டில் இருக்கிற என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, ஓமத் தண்ணீரும் சுட்ட இஞ்சிச் சாறும் கொண்டுவந்து ஊற்றினார். அது மரியாதையாக எல்லாவற்றையும் வாங்கி, மரியாதையாக எல்லாவற்றையும் அவர் சேலையிலேயே திருப்பிக் கொடுத்தது. புதுச்சேலை. அந்தக் கவலையிலும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் குட்டியைக் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடிக் கொண்டுபோனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். இரண்டு வளைவு போவதற்குள் பஸ்ஸே மூக்கைப் பிடித்துக்கொண்டது. முன்சீட்டில் கருவாட்டு மூட்டையோடு ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். "ஏனுங்க, என் கருவாடு இந்த நாத்தம் நாறாதுங்க!" என்று அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வராத குறையாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நானும் சேர்ந்து முறைத்தேன். அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.

டாக்டர் மலையடிவாரத்துக் காரவள்ளிப் பக்கத்துக்காரர். தினமும் எழுபது கொண்டை ஊசி வளைவும் வண்டியில் ஏறி வருகிறவர். எரிச்சலும் கூடவே ஏறி வந்துவிடும் போலிருக்கிறது. கூடையின் துண்டை நான் விலக்கியதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னது?"

"நாய்க்குட்டிங்க."

"மேசை மேல வெக்காதீங்க. அங்கியே நில்லுங்க. ரத்தமாப் போவுதா?"

"ஆமாங்க."

"தடுப்பூசி போட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்குத் தூக்கிட்டு வந்தீங்க? இது குட்டிகளுக்கு வார வைரஸுங்க. பெரும்பாலும் போயிரும்." பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாடு கறக்கும். ஆடு விலைக்குப் போவும். கோழி முட்டை போடும். இது என்னங்க பண்ணும்?"

"குரைக்குமுங்க."

"இப்பக் குரைக்குதா?"

கல்யாணமான நாளிலிருந்து ஒருவருக்கும் பதில் சொல்லாமல் விடாத நான் குனிந்து கூடையைப் பார்த்தேன். கூடைக்குள் அது தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தது. அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. ஊசி அவர் கையில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஊசி போட்டார், போடாமல் இல்லை. ஆனால் போட்ட விதம்! முதலில் வாயைக் கட்டச் சொன்னார். கண்ணையே திறக்க முடியாத குட்டிக்கு வாயைக் கட்டவேண்டுமாம். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு இரண்டு காலைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு, கையை முழுநீளத்துக்கு நீட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு குத்தினார். என்ன அருவருப்பு இந்த மனிதனுக்கு என்று என் வயிறு எரிந்தது.

"ஊட்டுக்குப் போயிக் குழி வெட்டி வெச்சிருங்க," என்றார். "நாளைக்கு உசுரோட இருந்தாக் கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து குட்டிக்குப் பழந்துணி விரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனால், என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு முழங்கால் ஆழம் வெட்டிவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"டாக்டர் சொன்னாருல்ல."

இந்த மனிதருக்கு இருபத்தாறு வருடமாக நான் சொல்கிறேன். ஒரு நாளாவது ஒரு விளக்குமாறு வந்திருக்கிறதா? மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்கு அந்த நாய் வேண்டும். குரங்கை விரட்ட வேண்டாம், காவல் காக்க வேண்டாம், என் காலின் மேல் படுத்தால் போதும். அதை வாய்விட்டே சொல்லி அழுதேன்.

சத்தம் கேட்டு நாத்தனார் வேலியைத் தாண்டி வந்தார். வேறு சேலை கட்டியிருந்தார்.

"அழுவாத கண்ணு. தவிட்டுக்கு வித்துரலாம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் குழந்தை நோஞ்சானாக இருந்தால், பிழைக்காது என்று தோன்றினால், வேறொருவருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அது இன்னொருவர் பிள்ளை ஆகிவிட்டால், தேடி வருகிற எமன் விலாசம் தெரியாமல் திரும்பிவிடுவான். தேறிய பிறகு இரட்டிப்பாகத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். குழந்தைக்குச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு யாரும் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

"நாய்க்குச் செய்யலாமா அண்ணி?"

"உன் புருசனையே மூணு படித் தவிட்டுக்கு வித்துத்தான் பொழைக்க வெச்சோம். நாய்க்குச் செய்யக்கூடாதா?"

மூன்று படி அதிகம் என்பது என் அபிப்பிராயம். அப்போது அதைச் சொல்லவில்லை.

"ஆனா வாங்கற ஆளு முக்கியம்," என்றார். "எமன் அந்த ஊட்டு வாசல்ல எட்டிப் பாக்கறதுக்கே பயப்படோணும். உன் புருசனை வாங்குனவ வாயத் தொறந்தா ஊரே கதவச் சாத்திக்கும். அப்பேர்ப்பட்ட ஆளாப் பாரு. அவங்க கையாலயே தவிடு வாங்கோணும். 'இனி இது உங்களுது'ன்னு சொல்லோணும். திருப்பி வாங்கற வரைக்கும் 'என்னுது'ன்னு வாய் தவறியும் சொல்லக்கூடாது. எமன் காதுல உழுந்துரும்."

எமனே பயப்படுகிற ஆள். எனக்குச் சட்டென்று ஒரு முகம் வந்தது.

"வாங்கறவங்களுக்கு வாங்கறோம்னு தெரியோணுமா அண்ணி?"

நாத்தனார் வெகுநேரம் யோசித்தார். "தெரியோணும்னு சட்டம் ஒண்ணுமில்ல," என்றார்.

மறுநாள் காலையில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, சுரைக்காய் வயிறு ஒட்டித் துண்டோடு துண்டாகக் கிடந்தது குட்டி. ஆனால் மூச்சு இருந்தது. "இன்னுமா இருக்குது?" என்றார் டாக்டர். அந்த வார்த்தை என் உறுதியை இரும்பாக்கிவிட்டது.

ஆஸ்பத்திரி மூலையில் பாதி மூட்டைத் தவிடு இருந்தது. பொடி மருந்தை அதில் கலந்து மாட்டுக்கு ஊட்டுவார்கள். நான் டாக்டர் முன்னால் முந்தானையை ஏந்தினேன்.

"சார், உங்க கையால ஒரு புடி தவிடு குடுங்க."

"நாய் தவிடு திங்காதுங்க."

"நாய்க்கில்லீங்க. எனக்கு."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அங்கே உதவியாளராக இருக்கிற பெரியவர் திண்ணனூர் நாட்டுக்காரர், எங்கள் மலை மனிதர். அவருக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார், இருமினார், அப்படி இருமினார். என்னை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று டாக்டர் எழுந்து போய் ஒரு பிடி அள்ளி என் முந்தானையில் போட்டார்.

"இனி இது உங்களுதுங்க," என்றேன்.

"எது?"

"எல்லாமேதானுங்க."

"இந்தம்மாவுக்கு வெயில் ஒத்துக்கலையா?" என்று பெரியவரிடம் கேட்டார். வெளியே பத்தடி தள்ளி நிற்கிற மாடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

அன்றைக்கு ட்ரிப்ஸ் ஏற்றினார். பாட்டிலை மாட்ட ஆணி இல்லாததால் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். அவருடைய உயரம் எனக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். மாடு ஓட்டி வந்த ஒருவர் அவரைப் பார்த்து, "யாரோட நாய்ங்க?" என்று கேட்டார். "எங்க..." என்று இவர் வாயைத் திறந்தார். ஓங்கி ஒரு மிதி மிதித்தேன் காலில்.

"டாக்டருதுங்க," என்றேன் நான்.

அது ஒரு வார்த்தைதான். ஆனால் மலையில் ஒரு வார்த்தை பஸ்ஸைவிட வேகமாகப் போகும். டாக்டருடைய நாய் சாகக் கிடக்கிறதாம் என்று மூன்றாம் நாளே டீக்கடை வரைக்கும் போய்விட்டது. மாடு கொண்டுவந்தவர்கள் எல்லாம், "உங்க நாய்க்கு இப்ப எப்படிங்க இருக்குது?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் அவரைக் கேட்டார்கள். அவர் முழித்தார். இன்னொரு பக்கம் நான்.

"உங்க நாய் தண்ணி குடிச்சுதாம்மா?" என்பார்.

"உங்க நாய் குடிக்கலீங்க."

"வாந்தி?"

"உங்க நாய் ரெண்டு தரம் எடுத்துச்சுங்க."

"ஏனுங்க, எதுக்கெடுத்தாலும் என் நாய், என் நாய்ங்கறீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தானுங்க."

நான்காம் நாள் அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. டீக்கடையில் யாரோ, "சொந்த நாயையே காப்பாத்த முடியலீன்னா நம்ம மாட்டை எங்க காப்பாத்துவாரு?" என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டதாம். பெரியவர்தான் எனக்கு ரகசியமாகச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து, "இது என் நாய்னு எவனுங்க சொன்னது?" என்று கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்தி முடித்துவிட்டு, குட்டி இருந்த பக்கம் பார்க்காமலேயே, "இங்க இருக்கற மருந்து பத்தாது. கீழ இருந்து வேற மருந்து எடுத்தாரேன். நாளைக்கு நேரத்துலயே வந்துருங்க," என்றார்.

எடுத்து வந்தார். எழுபது வளைவும் அந்த மருந்தை ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, மடியிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையை முழுநீளத்துக்கு நீட்டி, ஜன்னலைப் பார்த்தபடி, வழக்கம்போலக் குத்தினார்.

அதற்கடுத்த நாள் காலையில் நான் கேழ்வரகுக் கஞ்சியை விரலில் தொட்டு அதன் வாயில் தடவினேன். நக்கியது. இன்னொரு விரல். நக்கியது. பயந்துகொண்டே ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாந்தி வரவில்லை. பிறகு அது தள்ளாடி எழுந்து, நாலு தடவை விழுந்து, வந்து என் பாதத்தின் மேல் படுத்தது. "என்" என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "டாக்டர் ஊட்டுக் கண்ணு, டாக்டர் ஊட்டுச் சாமி" என்று கொஞ்சினேன். நாத்தனார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினார்.

பத்து நாள் கழித்து, மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் இரண்டு பிடிக்குப் பதில் இரண்டு படியாகவே அளந்து பையில் கட்டிக்கொண்டு, ஒரு தார் மலைவாழையும் தூக்கிக்கொண்டு மீட்கப் போனோம். குட்டியை இறக்கி விட்டதும் அது நேராக டாக்டர் மேசைக்கடியில் ஓடி, நிமிர்ந்து பார்த்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, "வள்!" என்றது.

டாக்டர் நாற்காலியின் மேல் ஏறிவிட்டார். செருப்போடு.

"இப்பக் குரைக்குதுங்க," என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நல்ல நேரம் இனி வராது.

"புடிங்க! மொதல்ல அதப் புடிங்க!" அவர் முகத்தில் வேர்த்துவிட்டது. நான் குட்டியைத் தூக்கிக்கொண்ட பிறகுதான் இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "சின்னதுல கடிச்சிருச்சுங்க. தொப்புளைச் சுத்தி ஊசி போட்டாங்க. மாடு முட்டுனாக்கூட எனக்குப் பயமில்ல. இதுகளைக் கண்டா மட்டும் கை நடுங்குது," என்றார்.

இரண்டு கையுறை, கட்டச் சொன்ன வாய், திருப்பிக்கொண்ட முகம், எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஐந்து நாளும் அந்த நடுங்குகிற கையோடுதான் ஊசி போட்டிருக்கிறார். நான் மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் எனக்கே உறைத்தது.

"தவிடு என்னத்துக்கு?" என்றார் பையைப் பார்த்து. பெரியவர்தான் எல்லாவற்றையும் விளக்கினார், எமன் உட்பட. யாரிடம் விற்கவேண்டும் என்று நாத்தனார் சொன்ன லட்சணத்தை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டார்.

"அப்ப, இது இத்தனை நாளும் என் நாயா?"

"ஆமாங்க."

"என்னைக் கேக்காமயே?"

"ஆமாங்க."

"நான் திருப்பிக் குடுக்கலீன்னா?"

தவிடு வாங்கியது நான், வார்த்தை சொன்னது நான். மீறினால் எங்கே போய் முட்டும் என்று யாருக்குத் தெரியும்? குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சாமி, அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றேன். குரல் எனக்கே பிச்சைக்காரி குரல் மாதிரி கேட்டது.

அவர் என்னை விட்டுவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"இவங்க திருப்பி வாங்கிட்டா, எமன் மறுபடி வருவானா?"

"அதச் சொல்ல முடியாதுங்க சார்," என்றார் பெரியவர்.

"நான் இதெல்லாம் நம்பறவன் இல்லீங்க," என்றார் டாக்டர். பிறகு பதிவேட்டை இழுத்து, முதல் நாள் பக்கத்தைத் தேடி, 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் இருந்த என் வீட்டுக்காரர் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். "எதுக்கு வம்பு? என் பேர்லயே இருக்கட்டும். நீங்க ஊட்டுல வெச்சுப் பாத்துக்கங்க. தவிட்டை மாட்டுக்குப் போடுங்க." வாழைத்தாரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போது அது ஒரு வயது தாண்டிய தடிமாடு. குரங்கைக் கண்டால் இன்னமும் என் சேலையைத்தான் தேடுகிறது. குழியை மூடாமல் அதில் ஒரு பலாக்கன்று வைத்திருக்கிறோம். அதற்குத் தினமும் தண்ணீர் விடுகிற பொறுப்பை நாயே ஏற்றுக்கொண்டு காலைத் தூக்குகிறது. ஒரு வருடமாகியும் நான் அதை ஒருமுறைகூட 'என்னுது' என்று சொன்னதில்லை. நாக்கு நுனியில் வரும், கடித்துக்கொள்வேன்.

மாடுகளுக்குத் தடுப்பூசி போட டாக்டர் எங்கள் பக்கம் வரும்போது மட்டும் அது பூமி அதிரக் குரைக்கும். அவர் வண்டியை விட்டு இறங்காமல், வேலிக்கு வெளியே இருபதடி தள்ளியே நிறுத்திக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவார்.

"ஏனுங்க! என் நாயைப் புடிச்சுக் கட்டுங்க, நான் உள்ள வரோணும்!"